டெஸ்க்கிலிருந்து ஆசிரியர் நாற்காலி வரை: புதிதாக வரும் பெண்களுக்கு

"அவங்க காப்பி பார்த்தா பிழையே இருக்காது" என்று ஒரு செய்தி அறையில் பெயர் வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. (காப்பி என்பது நிருபர் எழுதித் தரும் செய்திப் பிரதி, அதைத் திருத்தும் பிரிவுதான் டெஸ்க்.) மொழி கைவசம் இருந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சீக்கிரமே வாங்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். நன்றாகத் திருத்துகிறார் என்று தெரிந்ததும் சிடுக்கான காப்பியெல்லாம் அவர் மேஜைக்கே வந்து குவியும். முதல் பக்கத்தில் எது போகலாம் என்று பேசும் கூட்டத்துக்கு மட்டும் வேறு யாராவது போவார்கள்.

ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2024-ல் உலகின் 12 ஊடகச் சந்தைகளில் 240 செய்தி நிறுவனங்களை எடுத்துப் பார்த்தது. தலைமை ஆசிரியர்களில் பெண்கள் 24 சதவீதம். அதே இடங்களில் பத்திரிகையாளர்களில் பெண்கள் சராசரியாக 40 சதவீதம். வேலைக்கு வருகிறார்கள், மேலே போவதில்லை. நடுவில் எங்கே தேங்கிப்போகிறார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடிட்டிங் கற்பது பாதி வேலை. தீர்மானிக்கும் இடத்துக்கு நகர்வது மீதி. இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துச் செய்ய வேண்டும்.

படி 1: ஏணி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

அச்சில் பொதுவாக உதவி ஆசிரியர், முதுநிலை உதவி ஆசிரியர், ஒரு ஷிஃப்டை நடத்தும் தலைமை உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர், இணை அல்லது நிர்வாக ஆசிரியர், ஆசிரியர் என்று போகும். டிஜிட்டலில் இதே வேலைகள் வேறு பெயரில் இருக்கும். தளத்தின் முகப்பைப் பார்ப்பவர், நோட்டிஃபிகேஷன் அனுப்புபவர், சோஷியல் மீடியா டெஸ்க், வாசகர் எண்ணிக்கையைக் கவனிக்கும் ஆடியன்ஸ் எடிட்டர் என்று.

பதவிப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே கேள்விதான்: இந்த வேலையில் இருப்பவர் ஒரு செய்தியை நிறுத்திவைக்க முடியுமா? முடியும் என்றால் அது ஆசிரியர் வேலை. முடியாது என்றால் பெயரில் 'எடிட்டர்' என்று இருந்தாலும் அது தட்டச்சுக்குப் பக்கத்து வேலைதான்.

படி 2: உள்ளே நுழையும் தேர்வு

இதழியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது. பெரும்பாலான இடங்களில் ஒரு எடிட்டிங் தேர்வு வைப்பார்கள். குழப்பமான காப்பி ஒன்று, 600 சொற்களை 250 ஆக்கச் சொல்லி ஒன்று, ஏஜென்சி செய்தியின் மொழிபெயர்ப்பு, நாலைந்து தலைப்புகள், கொஞ்சம் நடப்புச் செய்தி. இதில் பலரும் சந்திப்பிழையை மட்டும் தேடித் தேடித் திருத்திவிட்டு எழுந்து வருவார்கள். தேர்வு வைப்பவர் பார்ப்பது வேறு. எந்தெந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று பார்ப்பார். அதனால் ஓரத்தில் கேள்விகளை எழுதிவையுங்கள். "இதை யார் சொன்னது?", "இந்தத் தேதி மேலே சொன்ன தேதியோடு ஒத்துப்போகவில்லை" என்று நாலு கேள்வி இருந்தாலே போதும், நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

படி 3: காப்பியைக் கேள்வி கேட்கப் பழகுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு காப்பி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"குடிபோதையில் லாரி ஓட்டி வந்த டிரைவரால் நடந்த கோர விபத்தில் இளம்பெண் உட்பட 5 பேர் பரிதாபமாக பலியானார்கள். கடந்த ஆண்டு 10 சதவீதமாக இருந்த இத்தகைய விபத்துகள் இந்த ஆண்டு 15 சதவீதமாக, அதாவது 5 சதவீதம் அதிகரித்துள்ளன."

'பரிதாபமாக' என்பதை அடுத்து ஒற்று விடுபட்டிருக்கிறது. அது கண்ணில் பட்டால் சரி, ஆனால் அந்தச் சொல்லே தேவையில்லை, 'கோர'வும் தேவையில்லை. அப்புறம், குடிபோதை என்று யார் சொன்னார்கள்? அக்கம்பக்கத்தினரா, போலீசாரா, மருத்துவப் பரிசோதனையா? பரிசோதனை முடிவு வராமல் அவரைக் குடிகாரர் என்று அச்சடித்தால் நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். 'இளம்பெண் உட்பட' எதற்கு? மற்ற நால்வரின் வயதும் பாலினமும் செய்தி இல்லை என்றால் இவருடையது மட்டும் ஏன்? 5 பேர் என்பது மருத்துவமனை சொன்ன கணக்கா, சம்பவ இடத்தில் நின்றவர் சொன்ன கணக்கா?

கடைசியாக அந்தச் சதவீதம். 10-லிருந்து 15-க்குப் போனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதத்தில் சொன்னால் 50 சதவீத உயர்வு. அதற்கும் முன்னால், எதில் 10 சதவீதம்? மொத்த விபத்துகளிலா, லாரி விபத்துகளிலா? காப்பியில் பதில் இல்லை.

திருத்திய பின் நிற்பது இவ்வளவுதான்: "லாரி மோதியதில் 5 பேர் உயிரிழந்தனர். ஓட்டுநர் மது அருந்தியிருந்தாரா என்பதை அறியப் பரிசோதனை நடப்பதாகப் போலீசார் தெரிவித்தனர்." இதையும் நிருபரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் எழுதலாம். சதவீத வாக்கியம் அவர் பதில் சொல்லும்வரை வெளியே நிற்கட்டும். நீங்களே ஊகித்து அர்த்தத்தை மாற்றக் கூடாது. போனைப் போட்டுக் கேட்க வேண்டும்.

அந்தப் போன் ஒரு தனிக் கலை. உங்களைவிட இருபது வயது மூத்த நிருபர் எடுப்பார். லீட், அதாவது செய்தியின் முதல் பத்தி, மாறியது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஏம்மா, என் லீடை மாத்திட்டியாமே?"

"சார், நான் எதையும் புதுசா எழுதலை. உங்க நாலாவது பத்தியில இருந்ததை மேல கொண்டுவந்தேன். அதுதான் சார் உங்க நியூஸே. குடிச்சிருந்தார்னு சொன்னது யாரு சார், இன்ஸ்பெக்டரா?"

பேச்சு முழுக்கக் காப்பியைப் பற்றியே இருக்கிறது பாருங்கள். மரியாதை குறையவில்லை, கேள்வியும் விட்டுப்போகவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவிகளும் செயற்கை நுண்ணறிவும் இப்போது எல்லா டெஸ்க்கிலும் வந்துவிட்டன. நேரம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயர், எண், 'இல்லை' என்ற எதிர்மறை ஆகிய மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். வாக்கியம் வழுவழு என்று இருப்பதால் கண் ஏமாந்துபோகும்.

படி 4: அச்சு, டிஜிட்டல் இரண்டிலும் கை வையுங்கள்

அச்சில் பக்கம் இயந்திரத்துக்குப் போய்விட்டால் திரும்ப வராது. அந்தப் பயமே ஒரு ஒழுக்கத்தைக் கற்றுத்தரும். இருக்கிற இடத்துக்குள் செய்தியை அடக்குவது, கீழிருந்து வெட்டினாலும் செய்தி சாகாதபடி முக்கியமானதை மேலே வைப்பது, படம், தலைப்பு, துணைத்தலைப்பு மூன்றும் ஒன்றையே திருப்பிச் சொல்லாமல் பார்ப்பது எல்லாம் அங்கேதான் படியும்.

படத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும். போன் செயலியில் சுருங்கி வந்த 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலத்துக்குத்தான் தாங்கும். திரையில் பளிச்சென்று தெரிகிறதே என்று அதை அரைப் பக்கத்துக்கு இழுத்தால் காலையில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இதை வடிவமைப்பாளர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, நீங்களே முன்கூட்டிக் கேட்பது நல்லது.

டிஜிட்டலில் தலைப்பு தனியாக நிற்கும். அச்சில் "அமைச்சர் அதிரடி" என்று போட்டால் பக்கத்தில் படமும் துணைத்தலைப்பும் காப்பாற்றும். போன் திரையில் அதே இரண்டு சொல் எந்த அமைச்சர், என்ன அதிரடி என்று எதையும் சொல்லாது. நோட்டிஃபிகேஷனில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும், தமிழ்ச் சொற்களோ நீளமானவை. எனவே யார், என்ன என்பது முதல் சில சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். சொடுக்கவைப்பதற்காகப் பாதியை மறைக்கும் தலைப்பை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். அன்றைக்கு எண்ணிக்கை ஏறும். நாலாவது முறை ஏமாந்த வாசகர் நோட்டிஃபிகேஷனையே அணைத்துவிடுவார்.

தமிழ் டெஸ்க்குக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. அச்சுப் பக்கங்கள் பழைய எழுத்துருக் குறியீட்டில் தயாராகி, இணையத்துக்கு வரும்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாறினால், மாற்றிய பிரதியை ஒரு முறை முழுக்கப் படிக்காமல் ஏற்றக் கூடாது. பழைய குறியீடுகளில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் 'ள'வும் ஒன்றேபோல இருப்பதால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், தேடுபொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒகர, ஓகாரக் குறிகள், மேற்கோள் குறிகள், எண்கள் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

தவறு வந்துவிட்டால்? அச்சில் அடுத்த இதழில் திருத்தம் வரும். இணையத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடும் சபலம் வரும். எழுத்துப்பிழை என்றால் மாற்றிவிட்டுப் போகலாம். தகவல் பிழை என்றால் என்ன தவறாக இருந்தது, எப்போது திருத்தப்பட்டது என்று கட்டுரையிலேயே குறிப்புப் போடுங்கள். பழைய வடிவத்தின் ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இரவு டெஸ்க்கையும் கடினமான பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்

"உங்களுக்கு எதுக்கும்மா நைட், பகல்லயே பாருங்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புதான் பல பேரை உட்காரவைத்துவிட்டது. காலை நாளிதழ் என்றால் முதல் பக்கம் முடிவாவது இரவில். ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கலைத்துப் புதுச் செய்தியை ஏற்றுவதா, உறுதியாகாத மரணச் செய்தியை நிறுத்திவைப்பதா என்று பத்து நிமிடத்தில் தீர்மானிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஆகவே கொஞ்ச காலத்துக்காவது இரவு டெஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே வீட்டு வாசல்வரை வண்டி, அலுவலகத்தில் காவலர், அவசரத்துக்கு அழைக்க ஒரு பெயர் ஆகியவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல, இரவில் வேலை வாங்கும் நிறுவனத்தின் கடமை.

சட்டம் சார்ந்த முடிவுகளும் இரவில்தான் அதிகம் வரும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், குழந்தைகள் ஆகியோரின் பெயரை வெளியிடுவது பல நாடுகளில் குற்றம். பெயரை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு இதழில் தெருப் பெயர், இன்னொன்றில் தந்தையின் வேலை, மூன்றாவதில் பள்ளி என்று வந்தால், மூன்றையும் சேர்த்து ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் பிரதியைத் தனியாகப் பார்க்காமல், ஏற்கெனவே வெளியானவற்றோடு சேர்த்துப் படியுங்கள்.

அதேபோலப் பக்கம். பெண்கள் பகுதி, சமையல், ஆன்மிகம் எல்லாம் மதிப்பான வேலைதான், நல்ல வாசகர்களும் உண்டு. ஆனால் அங்கேயே பத்து வருடம் இருந்தவரைச் செய்தி ஆசிரியராக்க யாருக்கும் தோன்றாது. மேலே போனவர்களின் பாதையைப் பாருங்கள். 1843-ல் தொடங்கிய 'எகனாமிஸ்ட்' இதழுக்கு 2015-ல் முதல் பெண் ஆசிரியராக வந்த ஜானி மின்டன் பெடோஸ் பொருளாதாரப் பக்கத்தை நடத்தியவர். 2020-ல் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' ஆசிரியரான ரூலா கலாஃப் மத்தியக் கிழக்குச் செய்திகளையும் பிறகு வெளிநாட்டுச் செய்திகளையும் கவனித்தவர். 1821-ல் பிறந்த 'கார்டியன்' 2015-ல்தான் ஒரு பெண்ணை ஆசிரியராக்கியது. அந்தக் கேத்தரின் வைனர், அதற்கு முன் 2013-ல் அந்தப் பத்திரிகையின் ஆஸ்திரேலிய டிஜிட்டல் பதிப்பைத் தொடங்கி நடத்தினார், பிறகு அமெரிக்கப் பதிப்பைப் பார்த்தார். ஒன்றைப் பூஜ்ஜியத்திலிருந்து கட்டி நடத்திய ஆள் என்பது அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

முந்தைய தலைமுறையில் கதை வேறு. 1890-களில் லண்டனில் 'அப்சர்வர்', 'சண்டே டைம்ஸ்' இரண்டுக்கும் ஆசிரியராக இருந்த ரேச்சல் பீர், 1925-ல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே எடுத்து நடத்திய வை.மு.கோதைநாயகி போன்றவர்களுக்கு நாற்காலி உரிமையோடு வந்தது. பத்திரிகையே அவர்களுடையது, அல்லது குடும்பத்துடையது. சம்பளத்துக்கு வருகிற நமக்கு டெஸ்க் வழிதான்.

படி 6: கூட்டத்தில் பேசுங்கள்

கையில் ஒன்றும் இல்லாமல் ஆசிரியர் குழுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். மூன்று வரி போதும்: செய்தி என்ன, இன்று ஏன், யார் எழுதுவது. நீங்கள் சொன்ன யோசனையையே பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்லும்போது, "ஆமாம், நான் முதலில் சொன்னதுதான். அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துவைத்திருக்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கோபப்பட்டால் பேச்சு உங்கள் கோபத்தைப் பற்றித் திரும்பிவிடும்.

உங்கள் பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் ஆசிரியர் வேலைதான். 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஊடகக் கண்காணிப்பு ஆய்வு, செய்திகளில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கிறது. 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25. பிபிசி தொகுப்பாளர் ராஸ் ஆட்கின்ஸ் 2017-ல் தன் ஒரு நிகழ்ச்சியில் மட்டும் தினமும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். அதுவே, ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் வர வேண்டும் என்ற 50:50 திட்டமாகப் பல குழுக்களுக்குப் பரவியது. உங்களுக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாரம் எண்ணி, பொருளாதாரமும் அறிவியலும் பேசக்கூடிய பெண் நிபுணர்களின் எண்களைச் சேகரித்து நிருபர்களுக்குக் கொடுங்கள். யாரிடமும் உபதேசம் செய்ய வேண்டியிருக்காது.

படி 7: சம்பளம்

பக்கத்து மேஜைக்காரரின் சம்பளம் தெரியாமல் பேரம் பேச முடியாது. பிபிசியில் சீனச் செய்திகளுக்கான ஆசிரியராக இருந்த கேரி கிரேசி, அதே நிலையில் இருந்த ஆண் ஆசிரியர்களைவிடத் தனக்குக் குறைவாகத் தரப்படுவதை எதிர்த்து 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நிலுவையைக் கொடுத்தது. அந்தத் தொகையை அவர் பெண்ணுரிமை அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு விஷயமே தெரியவந்தது, நிறுவனம் முந்தைய ஆண்டு உயர் சம்பளப் பட்டியலை வெளியிட்டதால்.

நமக்குப் பட்டியல் கிடைக்காது. பதவி உயர்வுப் பேச்சுக்கு முன், நீங்கள் எடுத்த முடிவுகளின் குறிப்பு ஒன்றை வைத்திருங்கள்: எந்தச் செய்தியை நிறுத்தினீர்கள், எதைத் தேடச் சொன்னீர்கள், எந்தப் பக்கத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினீர்கள். இத்தனை காப்பி பார்த்தேன் என்ற கணக்கு, இன்னும் நிறையக் காப்பியைத்தான் கொண்டுவரும்.

படி 8: வசைக்குத் தயாராக இருங்கள்

யுனெஸ்கோவுக்காக நடந்த உலகளாவிய கருத்துக்கணிப்பில் பதிலளித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணையத்தில் வசையோ மிரட்டலோ சந்தித்ததாகச் சொன்னார்கள். 2021-ல் வெளியான அறிக்கை அது. உங்கள் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். பணிக்கும் வீட்டுக்கும் தனித்தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் அழிக்காமல் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். மோசமான நாட்களில் அந்தச் செய்திகளை நீங்கள் படிக்காமல், நம்பிக்கையான சக ஊழியர் படித்து முக்கியமானதை மட்டும் சொல்லட்டும். நீங்கள் ஷிஃப்ட் நடத்துபவர் என்றால் உங்கள் நிருபர்களுக்கும் இதைச் செய்துகொடுங்கள்.

உள்ளே இருந்து வரும் தொல்லைக்கும் இதே ஒழுங்கு: தேதி, இடம், சாட்சி, எழுத்தில் புகார். பணியிட வன்முறையும் தொல்லையும் ஒழிய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, புகாருக்குக் காலக்கெடு உண்டா, உங்கள் நிறுவனத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். பிரச்சினை வந்தபிறகு தேடினால் பதற்றத்தில் ஒன்றும் கிடைக்காது.

மகப்பேறு, குடும்பம் என்று விடுப்பில் போனால், திரும்பி வரும்போது அதே டெஸ்க், அதே பொறுப்பு என்று போகும்முன் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் 'இப்போதைக்கு' என்று ஒரு இணைப்பிதழில் உட்காரவைப்பார்கள். அந்த 'இப்போதைக்கு' முடியாது.

படி 9: நாற்காலியைத் தரும்போது

நிறுவனம் தள்ளாடும் நேரத்தில் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவரும் போக்கு இருப்பதாக உளவியல் ஆய்வாளர்கள் மிஷெல் ரயானும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005-ல் எழுதினார்கள். செய்தித் துறையில் தள்ளாடாத நிறுவனத்தைத் தேடினால் ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டும், ஆகவே வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆண்டு பட்ஜெட் எவ்வளவு, அதை யார் குறைக்கலாம்? ஆள் எடுக்கவும் மாற்றவும் எனக்கு அதிகாரம் உண்டா? விளம்பரப் பிரிவு ஒரு செய்தியை நிறுத்தச் சொன்னால் கடைசி வார்த்தை யாருடையது? அச்சும் டிஜிட்டலும் இரண்டும் என் கீழா, ஒன்று மட்டுமா? என்னை அளக்கப்போவது விற்பனையை வைத்தா, சந்தாவை வைத்தா, பார்வை எண்ணிக்கையை வைத்தா? இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்? இந்தக் கடைசிக் கேள்வியைப் போனவரிடமும் கேளுங்கள்.

'பொறுப்பு ஆசிரியர்' என்று கடிதம் வந்தால், அந்தப் 'பொறுப்பு' எந்தத் தேதியில் உதிரும், அதுவரை சம்பளம் எந்த நிலைக்கானது என்று அதே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்துக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.